புதினாவுக்கு எத்தனை மணிக்கு விடிகிறது?

இரண்டு வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் எங்கள் லண்டன் வீட்டில் இரண்டு பெப்பர்மிண்ட் தொட்டிகள் இருந்தன. ஒன்று சமையலறை ஜன்னலில், இன்னொன்று பின்னால் இருக்கும் சின்ன அறை ஜன்னலில். இரண்டும் ஒரே தாய்ச்செடியின் ஓடுதண்டிலிருந்து ஒரே நாளில் வெட்டி நட்டவை. ஒரே மண், ஒரே அளவுத் தொட்டி. இரண்டு ஜன்னலும் கிழக்கே பார்த்தவை, இரண்டு அறையிலும் ஹீட்டர் ஓடும்.

ஆறு வாரத்தில் சமையலறைச் செடி ஒல்லியாக, வெளுத்துப்போய், ஆனால் நெட்டுக்குத்தாக நின்றது. சின்ன அறைச் செடி நிமிரவே இல்லை. தொட்டி விளிம்பைத் தாண்டி நாலா பக்கமும் கொடி விட்டு, ஜன்னல் திண்டில் படுத்துக்கிடந்தது. இலை ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. கிள்ளி முகர்ந்தால் பெப்பர்மிண்ட் மாதிரியே இல்லை. நனைந்து காய்ந்த வைக்கோலும் ஏதோ ஒரு மருந்து நெடியும் கலந்த வாடை.

முதலில் நான் சந்தேகப்பட்டது தண்ணீரை. அப்புறம் உரத்தை. அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, தொட்டியை மாற்றி வைத்துவிட்டேனோ என்று என்னையே. காரணம் சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் இந்திய அணி ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே காலை ஆட்டம் தொடங்கும்போது இங்கே இரவு பதினொன்றரை. என் வீட்டுக்காரர் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு, மிக்சர் டப்பாவோடு விடிய விடியப் பார்ப்பார். ஆட்டம் இல்லாத நாளிலும் மாலை நாலு மணியிலிருந்து ராத்திரி பதினொன்று வரை அந்த விளக்கு அணையாது. சின்ன அறையில் விளக்கே போடுவதில்லை. அது சூட்கேஸ்கள் வாழும் அறை.

ஆக ஒரு செடிக்கு எட்டு மணி நேரப் பகல். இன்னொரு செடிக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். நான் தெரியாமலே ஒரு பரிசோதனை செய்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது லண்டனின் தெற்குப் பகுதியில் மிச்சம் (Mitcham) என்ற ஊர். டூட்டிங்கை ஒட்டியது. முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் கேட்டவுடன் கிடைக்கும் பேட்டை. வந்த புதிதில் ‘லாவெண்டர் அவென்யூ’ என்று ஒரு தெருப்பெயரைப் பார்த்து, வீடு விற்கிறவர்கள் கிளுகிளுப்பாக வைத்த பெயர் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் திருத்தினார். அவருடைய பாட்டி சின்ன வயதில் லாவெண்டர் அறுக்கப் போவாராம். 18-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் முழுக்க மூலிகை வயல்கள். லாவெண்டர், கெமோமில், எல்லாவற்றுக்கும் மேலே பெப்பர்மிண்ட். 1749-இல் இங்கே தொடங்கிய பாட்டர் அண்ட் மூர் நிறுவனம் வயலும் வைத்திருந்தது, எண்ணெய் காய்ச்சும் வாலைகளும் வைத்திருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெப்பர்மிண்ட் மட்டும் நூறு ஏக்கர் அளவுக்குப் பரவியிருந்தது. அப்புறம் லண்டன் தெற்கே கால் நீட்டிப் படுத்தபோது வயல்கள் வீடுகளாயின.

ஊர் போனாலும் ஊர்ப்பெயர் செடியில் ஒட்டிக்கொண்டது. உலகத்தில் பெப்பர்மிண்ட் எண்ணெய் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் ‘பிளாக் மிச்சம்’ என்று சொல்லும் ரகம் இங்கிருந்து கிளம்பியதுதான். தண்டு கருஞ்சிவப்பாக இருக்கும். ‘ஒயிட் மிச்சம்’ என்று பச்சைத் தண்டு ரகமும் உண்டு. அதன் எண்ணெய் இன்னும் நயமானது, ஆனால் விளைச்சல் குறைவு. எதற்கு மவுசு கூடியிருக்கும் என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி எனக்கு ஒரு கருந்தண்டைப் பிடுங்கிக் கொடுத்து, “தரையில் மட்டும் வைத்துவிடாதே, வீட்டையே பிடித்துக்கொள்ளும்” என்றார்.

பெப்பர்மிண்ட் விதையில் வராது. அது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மிண்ட்டும் கலந்து பிறந்த மலட்டுக் கலப்பு. 1696-இல் ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் கண்டெடுத்ததாக ஜான் ரே என்ற தாவரவியலாளர் எழுதிவைத்தார். அன்றிலிருந்து தண்டு தண்டாகத்தான் கைமாறுகிறது. என் இரண்டு தொட்டிகளும் அச்சு அசல் ஒரே செடி என்று அடித்துச் சொல்ல முடிவது அதனால்தான்.

எனக்கு இந்தப் பகல் கணக்கு முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் தாத்தா காலத்தில் ஊடு சாகுபடி உண்டு. குறுவை நெல் விதையோடு ஒட்டடான் என்ற இன்னொரு நெல்லின் விதையையும் கலந்து ஒரே வயலில் விடுவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் குறுவையை அறுத்துவிட்டால் ஒட்டடான் அரிதாளிலிருந்து துளிர்த்து, தூர் கட்டி, தையில் கதிரோடு நிற்கும். இரண்டும் ஒன்றாக முளைத்தவை, ஆனால் ஒட்டடான் மட்டும் அவசரப்படாது. பகல் குறுகிய பிறகுதான் கதிருக்கு வரும். “ஒட்டடானுக்குப் பஞ்சாங்கம் தெரியும்” என்பார் தாத்தா. அதை நான் கிழவர் பேச்சு என்று வைத்திருந்தேன். நம்மூரில் வருஷத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒண்ணேகால் மணி நேரம்தான். நமக்கே தெரியாத அந்த வித்தியாசத்தை ஒரு நெல் கணக்கு வைத்திருக்கிறது.

மிச்சத்தில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். ஜூனில் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் பகல். டிசம்பரில் எட்டு மணிக்கு விடிந்து நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஒட்டடான் நூலை வைத்து அளந்தால், இங்கே இருக்கிற செடிகளுக்கு மரம் அறுக்கிற அளவுகோலே போதும்.

செடி பகலை அளக்கிறது என்பதை ஊரறியச் செய்தது ஒரு புகையிலை. ‘மேரிலாண்ட் மம்மத்’ என்ற அந்த ரகம் கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வைத்தால் சின்னதிலேயே பூத்துவிடும். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னரும் ஆலார்டும் 1918 ஜூலையில் ஒரு வேலை செய்தார்கள். கோடை நடுவே, தினமும் மாலை வெளிச்சம் இருக்கும்போதே செடிகளை ஜன்னலில்லாத இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு வெளியே எடுத்தார்கள். மாட்டைத் தொழுவத்தில் கட்டி அவிழ்க்கிற மாதிரி. புகையிலை பூத்தது. 1920-இல் கட்டுரை வந்தது. பிறகு 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் வேறொரு செடியை வைத்து இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டினார்கள். நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே செடியின் கணக்கு குலைந்துவிடுகிறது. அதாவது பெயர்தான் பகல் நீளம், செடி எண்ணுவது இரவை. அறுபடாத இருட்டு எத்தனை மணி நேரம் என்பதுதான் அதற்குக் கணக்கு.

எண்ணுகிற கருவி இலைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு வெளிச்சம் பட்டால் ஒரு வடிவம், இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவம். 1950-களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் லெட்டூஸ் விதைகளை வைத்து அதன் இருப்பை ஊகித்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் கையில் பிடித்தார்கள். அதை முடுக்க மிகக் கொஞ்ச வெளிச்சமே போதும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் சாமந்தி போடுகிறவர்கள் ராத்திரியில் பல்பு எரியவிடுவது இதற்காகத்தான். சாமந்திக்கு நீளமான இரவு வேண்டும். பல்பு போட்டால் பூவைத் தள்ளிப்போடும், தண்டு நீளும். பெப்பர்மிண்ட் அதற்கு நேர் எதிர்க்கட்சி. அதற்கு நீளமான பகல் வந்தால்தான் நிமிர்ந்து நிற்கவும் பூக்கவும் தோன்றும். பகல் குறுகினால் ஓடுதண்டு விட்டுப் படர்ந்து, குளிருக்கு முன்னால் மண்ணுக்குள் போய்விடப் பார்க்கும்.

இதோடு என் கதை முடிந்தது, சமையலறை விளக்கே காரணம் என்று நான் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் இடித்தது. சமையலறைச் செடி நிமிர்ந்து நின்றதே தவிர, அதில் வாசனை எங்கே? கிள்ளிப் பார்த்தால் வைக்கோல் வாடை இல்லை, சரி. ஆனால் ஜூன் மாதத்தில் மூக்கைத் திறக்கிற அந்தக் காட்டமும் இல்லை. தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு வாசனை. டீக்குப் போட்டால் டீக்கே தெரியாது.

இந்த இடத்தில் எண்ணெய் எங்கே, எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும்.

புதினா இலையைத் திருப்பி, ஒரு நல்ல பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெயிலில் பொன்னிறப் புள்ளிகள் மின்னும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பி. எட்டுச் செல்கள் தட்டு மாதிரி அடுக்கிய தலை, அதன்மேல் மெல்லிய தோல். அந்தத் தோலுக்கும் செல்களுக்கும் நடுவே எண்ணெய் சேர்ந்து, கொப்புளம் போல உப்பி நிற்கும். நாம் இலையைக் கசக்கும்போது உடைவது அந்தக் கொப்புளம்தான். வாசனை எண்ணெய் இலை முழுக்க ஊறிக்கிடக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இலையின் மேல் தனித்தனிச் சட்டிகளில் இருக்கிறது.

அந்தச் சுரப்பிக்குள் எண்ணெய் ஒரே எட்டில் மென்தால் ஆகிவிடுவதில்லை. முதலில் லிமோனீன், எலுமிச்சைத் தோலில் இருக்கிற அதே சரக்கு. அதிலிருந்து படிப்படியாக மாறி, புலிகோன் என்ற இடத்துக்கு வருகிறது. இதுதான் மதகு. இங்கிருந்து இரண்டு வாய்க்கால் பிரிகிறது. ஒன்று மென்தோன் வழியாக மென்தாலுக்குப் போகும். இன்னொன்று மென்தோஃபியூரானுக்குப் போய் அங்கேயே தேங்கும். மென்தால்தான் நாக்கில் ‘ஜில்’ என்று இறங்குகிற சரக்கு, தைல டப்பாவைத் திறந்தால் கண்ணில் நீர் வரவைப்பது. புலிகோனுக்கு ஒரு காட்டு நெடி. மென்தோஃபியூரானுக்கு வைக்கோல் வாடை. என் சின்ன அறைச் செடியில் அடித்தது இந்த இரண்டும்தான் என்று என் மூக்கு சாட்சி சொல்கிறது. நீதிமன்றத்தில் செல்லாது, தெரியும்.

இந்தப் பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரிய நொதியை (என்சைம்) வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவும் அவர் கூட்டத்தாரும் பல வருஷம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். புலிகோனை மென்தோனாக்குகிற நொதிக்கு வேலை செய்ய ஹைட்ரஜன் கொடுக்கிற ஒரு துணைப்பொருள் வேண்டும். அதைச் செல் சம்பாதிப்பது சர்க்கரையிலிருந்து. மென்தோஃபியூரான் பக்கம் போவது ஆக்சிஜன் ஏற்றுகிற வழி.

இப்போது 1967-க்குப் போகலாம். ஆரிகன் மாநிலத்தில் பர்பாட், லூமிஸ் என்ற இருவர் பெப்பர்மிண்ட்டைப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தார்கள். பகலைக் கூட்டிக் குறைத்தார்கள், இரவைச் சூடாக்கிக் குளிராக்கினார்கள், வெளிச்சத்தை ஏற்றி இறக்கினார்கள். அதுவரை எல்லோரும் சொல்லிவந்தது இது: நீண்ட பகலில் மென்தோன், மென்தால் கூடும், குறுகிய பகலில் புலிகோனும் மென்தோஃபியூரானும் கூடும். இவர்களும் அதைப் பார்த்தார்கள். ஆனால் பகல் குறுகியிருந்தாலும் வெளிச்சம் நன்றாக இருந்து இரவு குளிர்ந்திருந்தால் எண்ணெய் கெடவில்லை. வெளிச்சம் மங்கி, இரவு கதகதப்பாக இருந்தபோதுதான் புலிகோனும் மென்தோஃபியூரானும் தலைதூக்கின. ஆகவே எண்ணெயின் குணத்தை முடிவு செய்வது நேரடியாகப் பகல் நீளம் அல்ல. பகலில் செடி சம்பாதித்ததற்கும் இரவில் அது சுவாசித்துச் செலவழித்ததற்கும் உள்ள கணக்கு வழக்குதான் என்றார்கள்.

படித்தபோது எனக்குத் தலையில் தட்டின மாதிரி இருந்தது. செடிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கடிகாரம் பார்க்கிறவர், இன்னொருவர் கல்லாவில் இருக்கிறவர். கடிகாரக்காரர் உருவத்தை முடிவு செய்கிறார்: நிற்கலாமா, படரலாமா, பூக்கலாமா. அவரை ஏமாற்ற ஒரு சமையலறை விளக்கு போதும். கல்லாக்காரரை ஏமாற்ற முடியாது. பகலில் எவ்வளவு சர்க்கரை வந்தது, ராத்திரி எவ்வளவு போனது என்று அவர் காசை எண்ணித்தான் சரக்கு கொடுப்பார். என் சமையலறை விளக்கு கடிகாரக்காரரிடம் “இது ஜூன்” என்று பொய் சொல்லியது. அவரும் நம்பி நிமிர்ந்து நின்றார். கல்லாவில் டிசம்பர் மாதச் சில்லறைதான் இருந்தது. வெளிச்சம் நேரத்தில் கூடியதே தவிர, அளவில் கூடவில்லையே.

சின்ன அறைச் செடியின் பாடு இன்னும் மோசம். எட்டு மணி நேர மங்கல் வெளிச்சம், பதினாறு மணி நேர இருட்டு. அந்தப் பதினாறு மணி நேரமும் ஹீட்டர் ஓடுகிறது. சூடு இருந்தால் செடி வேகமாக மூச்சுவிடும். பகலில் சேர்த்த கொஞ்சநஞ்ச சர்க்கரையும் விடிவதற்குள் காலி. மதகில் மென்தால் வாய்க்காலுக்குத் தள்ளிவிடத் தெம்பில்லை. மூன்று தவறையும் ஒரே இடத்தில் சேர்த்து, பூவாளியால் தண்ணீர் தெளித்து, ‘கண்ணே’ என்று கொஞ்சி வளர்த்திருக்கிறேன்.

பெப்பர்மிண்ட் எண்ணெய் எங்கெல்லாம் பெயர் வாங்கியது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மிச்சம் இருப்பது 51 டிகிரி வட அட்சரேகையில். இங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் செடி அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனது. கலமசூவில் ஆல்பர்ட் டாட் என்பவர் அதை வைத்தே பெரிய வியாபாரி ஆனார். 42 டிகிரி. அங்கே 1920-களில் மண்ணில் வாடல் நோய்ப் பூஞ்சை புகுந்து வயல் வயலாகச் சாய்த்தபோது, பயிர் மேற்கே ஆரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் நகர்ந்தது. 44, 46 டிகிரி. தெற்கே போனால் டாஸ்மேனியா, அதுவும் 42-ஐ ஒட்டியே. கோடையில் பகல் நீளம், இரவு குளிர்ச்சி, இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடங்கள். டாஸ்மேனியாவில் கிளார்க், மெனரி என்ற இருவர் 1979-இல் பகல் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, நிறைய எண்ணெயும் வேண்டும், மென்தாலும் வேண்டும் என்றால் நீண்ட பகல் கட்டாயம் என்று எழுதினார்கள். ‘மண்ணின் மணம்’ என்று நாம் சொல்வதில் மண்ணுக்கு எவ்வளவு பங்கு, ராத்திரிக்கு எவ்வளவு பங்கு என்று எனக்கு அன்றிலிருந்து சந்தேகம்.

“அப்படியென்றால் மென்தாலில் உலகத்துக்கே இந்தியாதானே முதலிடம்? அங்கே ஏது பதினாறு மணி நேரப் பகல்?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அது வேறு செடி. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கியைச் சுற்றி ஆயிரக்கணக்கான விவசாயிகள் போடுவது மென்தா ஆர்வென்சிஸ், ஜப்பான் புதினா என்று பெயர். அதன் எண்ணெயில் பெரும்பங்கு, எழுபது எண்பது சதவீதம்கூட, மென்தால்தான். பெப்பர்மிண்ட்டில் மருந்து நூல்கள் கேட்பதே 30 முதல் 55 சதவீதம். ஆர்வென்சிஸ் மென்தாலுக்கென்றே பிறந்தது. மதகு ஒரு பக்கம் அகலத் திறந்தே இருக்கும். பெப்பர்மிண்ட்டின் மதிப்பு வேறு. அதில் மென்தோன், மென்தில் அசிடேட், இன்னும் சில்லறைச் சரக்குகள் எல்லாம் அளவாகச் சேர்ந்த கூட்டு வாசனை. ரசத்துக்கும் வெந்நீரில் கரைத்த மிளகுப்பொடிக்கும் உள்ள வித்தியாசம்.

ஆர்வென்சிஸ்கூட பகலை மதிக்காமல் இல்லை. ஒரு காலத்தில் இது ஜப்பானின் பயிர். ஹொக்கைடோவில் கிட்டாமி என்ற ஊர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலக மென்தால் சந்தையையே கையில் வைத்திருந்தது. அதுவும் 43, 44 டிகிரிதான். பாராபங்கி 27 டிகிரி. லக்னோவில் இருக்கும் மத்திய மருத்துவ, நறுமணச் செடிகள் ஆய்வு நிறுவனம் (சிமாப்) கோசி, சக்‌ஷம், சிம்-கிராந்தி என்று ரகம் ரகமாக வெளியிட்டு இந்தச் செடியைக் கங்கைச் சமவெளிக்குப் பழக்கியது. அங்கே நடவு ஜனவரி, பிப்ரவரி. பகல் நாளுக்கு நாள் நீள நீளப் பயிர் ஏறும். மே, ஜூனில், வருஷத்தின் மிக நீளமான பகல்கள் வரும் நேரத்தில், மழைக்கு முன்னால் அறுத்து வாலையில் ஏற்றிவிடுவார்கள். பகல் அங்கே பதினான்கு மணி நேரத்தைத் தொடாது. அந்தச் செடிக்கு அது போதும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அறுவடை இல்லை, நாற்றுச் சமாச்சாரம். அடுத்த பயிருக்கு வேர்த்தண்டு வேண்டுமே. அதற்கென்று ஆகஸ்ட் மாதம் தனியாக ஒரு துண்டு நிலத்தில் நட்டுவிடுவார்கள். பகல் குறுகக் குறுக, செடி மேலே வளர்வதை விட்டுவிட்டு மண்ணுக்கடியில் வெள்ளை வெள்ளையாகத் தண்டு ஓட்டும். டிசம்பர், ஜனவரியில் தோண்டினால் கை நிறைய நடவுப் பொருள். சின்ன அறையில் நான் ‘கெட்டுப்போச்சு’ என்று தூக்கி எறியப் பார்த்த அதே குணத்தை அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

புதினாவை விட்டு ஒரு நிமிஷம் கொத்தமல்லிக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே இருக்கும் நம்மவர்கள் என்னிடம் அதிகம் புலம்புவது அதைப் பற்றித்தான். ஜூனில் விதைத்தால் நாலு இலை விட்டவுடன் தண்டு நீண்டு பூத்துவிடுகிறது, விதை சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். பாவம் கடைக்காரன். கொத்தமல்லியும் நீண்ட பகலில் பூக்கிற கூட்டம். பதினாறு மணி நேர வெளிச்சத்தைக் கண்டதும் கிடுகிடுவென்று கல்யாணத்துக்குத் தயாராகிவிடும். வெயிலும் சேர்ந்தால் இன்னும் வேகம். பூக்கத் தொடங்கிய இலையில் பச்சைக் கொத்தமல்லி வாசனை வடிந்துவிடும். நான் ஆகஸ்ட் கடைசியில் விதைக்கிறேன். நவம்பர் வரை இலையாகவே நிற்கிறது. ஊரில் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் பகலே கிடையாது. விதைகளுக்குத் தாங்கள் எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று பாக்கெட்டில் எழுதியா இருக்கிறது?

போன குளிர்காலத்தில் மூன்றாவது ஒரு தொட்டியும் சேர்த்தேன். வீட்டு முன்வாசலில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன போர்ச் இருக்கிறது. ஹீட்டர் கிடையாது. பனி உறையாது, ஆனால் செருப்பு மாட்டக் கால் வைத்தால் சில்லிடும். விளக்கும் போடுவதில்லை. அங்கே வைத்த செடியும் படர்ந்துதான் கிடந்தது, கடிகாரக்காரர் விடவில்லை. வளர்ச்சி என்று சொல்லவும் ஒன்றுமில்லை. இலைகள் ஊதாப் பூத்து, சின்னஞ்சிறுசாக, தடித்து இருந்தன. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். வைக்கோல் இல்லை, நெடி இல்லை. ஜூனில் வருகிற அந்த ஜில்லிப்பு, சின்ன அளவில், சுத்தமாக இருந்தது. பகல் குறைவு, வருமானம் குறைவு, ஆனால் குளிரில் செலவும் குறைவு. பர்பாட், லூமிஸ் பெட்டிக்குள் பார்த்ததை நான் செருப்பு வைக்கிற இடத்தில் பார்த்தேன். மூன்று தொட்டி, ஒரு மூக்கு. இதை ஆராய்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இலை வயதும் சேர்ந்து குழப்பும். கொழுந்தில் மென்தோன் தூக்கலாக இருக்கும், முற்றிய இலையில்தான் அது மென்தாலாக மாறியிருக்கும். ஆகவே முகர்ந்து ஒப்பிடுவதென்றால் ஒரே கணுவில் இருக்கிற இலையாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். முதல் வருஷம் எனக்கு அது தெரியாது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏண்டி, மாடியில நம்ம புதினா வருஷம் பூரா இதே மாதிரிதான் படர்ந்து கிடக்கு, அதுக்கு என்ன வியாதி?” என்றாள். அம்மா வளர்ப்பது பெப்பர்மிண்ட் இல்லை, ஸ்பியர்மிண்ட் வகை. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற வேறு சரக்கு. மென்தால் பாதைக்குள்ளேயே போகாது. துவையலுக்கு அதுதான் சரி. அம்மா ஒரு ஜூன் மாதம் இங்கே வந்திருந்தபோது பெப்பர்மிண்ட்டில் துவையல் அரைத்துப் பார்த்தாள். தேங்காய், புளி, மிளகாய் எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, “பல்லு தேச்ச மாதிரி இருக்கு” என்று தட்டை நகர்த்திவிட்டாள். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம். “இந்த ஊர்ல எப்பதான் தூங்குவீங்க?” என்று கேட்டுக்கொண்டே திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

இந்த டிசம்பரில் சின்ன அறையில் சூட்கேஸ்கள் மட்டும்தான். சமையலறைத் தொட்டியை எடுத்ததில் இவருக்கு வருத்தம், மிக்சர் டப்பாவுக்குத் துணை போய்விட்டதாம். செடிகள் எல்லாம் போர்ச்சில் இருக்கின்றன. ஜூனில் ஒரு டம்ளர் டீக்கு இரண்டு இலை போதும். இப்போது ஆறு போடுகிறேன்.